பாம்பு கடித்தால் எதை நம்புவது? பண்டத்தரிப்பிலிருந்து ஓர் ஆதாரக் கணக்கு

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பண்டத்தரிப்பில் நான் பேசிய பெரியவர்களில் பலர் முதலில் இதைத்தான் சொன்னார்கள். கடிவாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்றார் ஒருவர். விசக்கல் வைத்தால் கல் விசத்தை உறிஞ்சிவிடும் என்றார் இன்னொருவர்.

இன்றைய மருத்துவ வழிகாட்டிகளில் இந்த மூன்றுமே செய்யக்கூடாதவை. இதை வாசிக்கும்போது “படித்தவர்கள் கிராமத்து நம்பிக்கைகளைக் குறை சொல்கிறார்கள்” என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கதை அவ்வளவு எளிமையானதல்ல. வைத்தியசாலைகளுக்குள் வைத்தியர்களே பல ஆண்டுகளாக வழக்கமாகச் செய்துவந்த சில சிகிச்சைகளும், எண்ணிப் பார்த்தபோது பயனற்றவையாகத் தெரியவந்தன. அதைக் கண்டுபிடித்த ஆய்வுகளில் முக்கியமான சில இலங்கையிலேயே நடந்தன.

அவசர சிகிச்சையில் “ஆதாரம்” என்று எதைச் சொல்கிறார்கள், அது எப்படிக் கிடைக்கிறது, அதனால் எங்களுக்கு என்ன பயன் என்பதைப் பாம்புக்கடியை முன்வைத்து இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

பண்டத்தரிப்புக்கு வந்த வைத்தியர்

யாழ்ப்பாணத்தின் மேற்கத்திய மருத்துவ வரலாற்றில் பண்டத்தரிப்புக்கு முதன்மையான இடம் உண்டு. நியூயோர்க்கில் மருத்துவம் படித்த ஜோன் ஸ்கடர், 1819 ஜூன் மாதம் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, 1820இல் பண்டத்தரிப்பில் தன் பணியைத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் ஆசியாவுக்கு அனுப்பிய முதல் மருத்துவர் அவரே. 1836இல் அவர் சென்னைக்கு இடம்மாறினார். அவருக்குப் பின்னர் 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை மையமாகக் கொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு எனப் பல துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் இல்லாத இடத்தில் சொல் ஆக்கினார்.

இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருந்துப் பெட்டியைத் திறந்த காலத்தில் மேற்கத்திய மருத்துவம் என்பது இரத்தத்தை வடியவிடுவதையும், பாதரச உப்பான கலோமலையும் பெரிதும் நம்பியிருந்த மருத்துவம். காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் இரத்தம் வடித்தார்கள். 1835இல் பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர், நிமோனியா நோயாளரில் முன்கூட்டியே இரத்தம் வடிக்கப்பட்டவர்களையும் பிந்தி வடிக்கப்பட்டவர்களையும் எண்ணி ஒப்பிட்டு, அதன் பயன் எல்லோரும் நினைத்த அளவுக்கு இல்லை என்று எழுதினார். அந்தச் சிகிச்சை முற்றாக மறைய அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் எடுத்தன.

ஆகவே ஆதாரம் பற்றிய கேள்வியை “மேற்கா, நாட்டு வைத்தியமா” என்ற கேள்வியாகப் பார்க்கக்கூடாது. யார் செய்தாலும், செய்ததன் விளைவை எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

முள்வேலிக்குள் நடந்த பரிசோதனை

மருத்துவத்தில் ஆதாரம் பற்றிப் பேசும் எவரும் ஆர்ச்சி கொக்ரேன் என்ற பெயரைக் கடந்து போக முடியாது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த இவர், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் வைத்தியராக இருந்தார். 1941இல் கிரீற் தீவில் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டார். பின்னர் கிரேக்கத்தின் சலோனிக்கா சிறை முகாமில் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

பட்டினியால் கைதிகளின் கால்கள் வீங்கத் தொடங்கின. கொக்ரேனிடம் மருந்து இல்லை. விற்றமின் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். 20 கைதிகளைத் தெரிந்து இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஈஸ்ற் கொடுத்தார். மறு பகுதியினருக்கு விற்றமின் சி கொடுத்தார். சில நாட்களில் ஈஸ்ற் பெற்றவர்கள் தேறத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கை எழுதி முகாம் அதிகாரிகளிடம் கொண்டுபோனார். ஈஸ்ற் கிடைத்தது.

அது மிகச் சிறிய, குறைகள் பல உள்ள பரிசோதனை என்பதை அவரே பின்னாளில் சொன்னார். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாத ஒரு வைத்தியர், எண்ணிக்கையைக் கொண்டு அதிகாரத்திடம் மருந்து பெற்ற சம்பவம் அது. 1972இல் அவர் எழுதிய சிறு நூல், எந்தச் சிகிச்சை உண்மையில் பயன் தருகிறது என்று பரிசோதிக்காமலே மருத்துவ உலகம் செலவு செய்கிறது என்று வாதிட்டது. 1993இல் தொடங்கிய சர்வதேச ஆய்வு வலையமைப்புக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது. ஒரு சிகிச்சை பற்றி உலகெங்கும் நடந்த பரிசோதனைகளைத் தேடித் திரட்டி, அவற்றின் தரத்தைச் சோதித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வதே கொக்ரேன் அமைப்பின் வேலை.

இதன் தெற்காசிய மையம் அமைந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். அந்தக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர், பண்டத்தரிப்புக்கு வந்த அதே ஜோன் ஸ்கடரின் பேத்தி. 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு அவர் தொடங்கிய சிகிச்சை நிலையம்தான் பின்னர் அந்தப் பெரிய வைத்தியசாலையாக வளர்ந்தது.

முள்வேலிக்குள் வாழ்வது என்னவென்று எங்கள் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. எண்ணுவதன் பெறுமதியையும் விளக்கத் தேவையில்லை. 2009இல் வன்னியில் காயப்பட்டவர்களையும் இறந்தவர்களையும் எண்ணி வெளியுலகுக்குச் சொன்ன அரச வைத்தியர்கள், போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டார்கள். எண்ணிக்கை என்பது சிலருக்கு ஏன் பயமாக இருக்கிறது என்பதை அறிந்த சமூகம் நாங்கள்.

தப்பியவர்கள் சொல்லும் சாட்சி

எழுபதுகளில் என் அம்மம்மாவைப் புகையிலைத் தோட்டத்தில் பாம்பு கடித்தது. காலில் சேலைக் கிழிசலால் கட்டி, மாட்டுவண்டியில் விசக்கடிப் பரியாரியாரிடம் கொண்டுபோனார்கள். அவர் பார்வை பார்த்து, ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்தார். அம்மம்மா தப்பினா. அந்தப் பரியாரியாரின் பெயரைச் சாகும்வரை நன்றியோடு சொன்னா.

எங்கள் ஊர்களில் இப்படி ஒரு கதை இல்லாத குடும்பம் குறைவு. இந்தச் சாட்சியங்கள் பொய்யல்ல. ஆனால் அவை சிகிச்சையைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்க்க ஓர் எண்ணிக்கை வேண்டும்.

இலங்கையின் ஒன்பது மாகாணங்களையும் உள்ளடக்கிய பாம்புக்கடிக் கணக்கெடுப்பு 2012, 2013 காலப்பகுதியில், போர் முடிந்து சில ஆண்டுகளில் நடந்தது. ஆய்வாளர்கள் வைத்தியசாலைப் பதிவுகளோடு நிற்கவில்லை. 44,136 வீடுகளுக்குப் போய், ஏறத்தாழ ஒரு இலட்சத்து 65 ஆயிரம் பேர் பற்றிய விபரங்களைக் கேட்டார்கள். முடிவு 2016இல் வெளியானது. ஒரு வருடத்தில் இலங்கையில் 80,514 பேரைப் பாம்பு கடிக்கிறது, அவர்களில் 30,543 பேருக்கு உடலில் குறிப்பிடத்தக்க அளவு விசம் ஏறுகிறது, 464 பேர் இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடிபட்ட 100 பேரில் சுமார் 62 பேருக்குக் குறிப்பிடத்தக்க விசமே ஏறவில்லை. கடித்தது விசமற்ற பாம்பாக இருந்திருக்கலாம். விசப்பாம்பே கடித்தும் விசம் இறங்காமல் இருந்திருக்கலாம். இந்த 62 பேரையும் விசக்கல் வைத்து அனுப்பினாலும், தண்ணீர் தெளித்து அனுப்பினாலும், ஒன்றுமே செய்யாமல் அனுப்பினாலும் அவர்கள் தப்புவார்கள். எதைச் செய்தவருக்கும் “நான் காப்பாற்றினேன்” என்று சொல்ல 62 சாட்சிகள் கிடைப்பார்கள். ஆபத்து மீதிப் பேரிடம் இருக்கிறது. விசம் ஏறியவர் முதல் இரண்டு, மூன்று மணித்தியாலங்களைக் கல்லோடும் சாறோடும் கழித்தால், பிறகு வைத்தியசாலைக்கு வரும்போது சிறுநீரகமோ மூச்சோ பாதிக்கப்பட்டிருக்கும். இறந்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார். “விதி முடிஞ்சுது” என்று ஊர் சொல்லிவிடும்.

தப்பியவர்களின் அனுபவத்தை மட்டும் வைத்து ஒரு சிகிச்சையை எடைபோட முடியாது என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். ஒரே மாதிரியான நோயாளரை இரண்டு குழுவாக எழுமாறாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிகிச்சையைக் கொடுத்து, மற்றதற்குக் கொடுக்காமல், இரண்டிலும் எத்தனை பேர் தப்பினார்கள் என்று எண்ண வேண்டும். எழுமாறாகப் பிரிப்பது எதற்கென்றால், நோய் குறைந்தவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிட்டு மருந்து வென்றது என்று யாரும் சொல்லாமல் இருக்க.

வைத்தியசாலையின் வழக்கமும் தேர்வுக்கு வந்தது

விசம் ஏறியவருக்கு உள்ள ஒரே மாற்று மருந்து விச எதிர்ப்பு மருந்து. குதிரைக்குச் சிறிது சிறிதாகப் பாம்பு விசத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்வது இது. உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் குதிரைப் புரதத்தை மனித உடல் எதிர்த்துக் கிளம்பும். சொறி, வாந்தி, நடுக்கம் முதல், மூச்சுக்குழாய் இறுகி இரத்த அழுத்தம் விழுவது வரை போகலாம். இலங்கையில் இந்த ஒவ்வாமை மிக அதிகம்.

இதைத் தடுக்க வைத்தியர்கள் முன்கூட்டியே சில மருந்துகளைக் கொடுத்து வந்தார்கள். ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்ரீரொயிட், புரோமெத்தசின் போன்ற ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து, சில இடங்களில் சிறிதளவு அட்ரினலின். மூன்றுக்கும் நியாயமான விளக்கம் பாடநூல்களில் இருந்தது. எது உண்மையில் வேலை செய்கிறது என்பது பற்றித் தெளிவு இருக்கவில்லை.

1999இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், 105 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு விச எதிர்ப்பு மருந்துக்கு முன் தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் ஏற்றப்பட்டது. அட்ரினலின் பெற்றவர்களில் 11 வீதமானோருக்கும், பெறாதவர்களில் 43 வீதமானோருக்கும் ஒவ்வாமை ஏற்பட்டது. நல்ல அறிகுறி, ஆனால் ஆய்வு சிறியது.

அடுத்து களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசித்த டி சில்வா தலைமையிலான குழு, மூன்று வைத்தியசாலைகளில் 1,007 நோயாளரோடு பெரிய பரிசோதனை ஒன்றைச் செய்து 2011இல் வெளியிட்டது. மூன்று மருந்துகளும் தனியாகவும் சேர்த்தும், வெற்றுத் திரவத்தோடு ஒப்பிடப்பட்டன. எல்லா நோயாளருக்கும் விச எதிர்ப்பு மருந்து கொடுக்கப்பட்டது. அதற்கு முன் கொடுப்பது எது என்பதில் மட்டுமே வித்தியாசம். “எங்களை எலிகளாக்கிப் பரிசோதிக்கிறார்களா?” என்று கேட்கும் வாசகர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். பயன் உறுதியான சிகிச்சையை எவருக்கும் மறுத்து அந்த ஆய்வு நடக்கவில்லை.

நோயாளரில் 75 வீதமானோருக்கு ஒவ்வாமை வந்தது. அட்ரினலின் பெற்றவர்களில், முதல் ஒரு மணித்தியாலத்தில் வந்த கடுமையான ஒவ்வாமை 43 வீதத்தால் குறைந்தது. ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெத்தசினும் குறைக்கவில்லை. அது மட்டுமல்ல, அட்ரினலினோடு ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பயனும் இல்லாமல் போனது. நல்ல நோக்கத்தோடு, பாடநூல் நியாயத்தோடு, வருடக்கணக்காக ஏற்றப்பட்ட ஊசிகள் அவை. முன்கூட்டியே அட்ரினலின் கொடுப்பது இன்று இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி வழிகாட்டியில் உண்டு.

பரியாரியாரின் சாற்றைக் கேட்ட அதே கேள்வியை வைத்தியர்கள் தங்கள் ஊசியையும் கேட்டார்கள். எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது அதுதான்.

ஒரு கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும்

புடையன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மையை இழக்கும். அதைக் கண்டறிய ஆய்வுகூடம் இல்லாத சிறிய வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நோயாளரின் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விசம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

இதையும் எண்ணிப் பார்த்தார்கள். 2013இல் வெளியான ஆய்வொன்றில், வழமையான வேலைச் சூழலில் செய்யப்பட்ட இந்தச் சோதனை, இரத்தம் உண்மையில் உறையும் தன்மை இழந்திருந்தவர்களில் 40 வீதமானோரை மட்டுமே கண்டுபிடித்தது. மீதி 60 வீதமானோருக்கு “பிரச்சினை இல்லை” என்று காட்டியது. சோதனையே பயனற்றது என்று தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் அதைச் செய்யும் முறையைச் சீராக்கி, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு செய்து பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த முடிவில் கண்டுபிடிக்கும் வீதம் 82 ஆக உயர்ந்தது.

சரியான குழாய், சரியான அளவு இரத்தம், பயிற்சி பெற்ற கை, கடிகாரம். பெரிய இயந்திரம் எதுவும் வாங்காமல், செய்யும் முறையை ஒழுங்காக்கியதால் மட்டும் கிடைத்த முன்னேற்றம் இது. வளம் குறைந்த எங்கள் கிராமத்து வைத்தியசாலைகளுக்கு இதைவிட உபயோகமான செய்தி இருக்க முடியாது.

மருந்து எங்கிருந்து, யாருக்காக

இலங்கையில் பாவிக்கும் விச எதிர்ப்பு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அதற்கான விசத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவர்கள் தமிழ்நாட்டின் இருளர்கள். 1978இல் தொடங்கிய அவர்களது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, விசம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள்.

நாகம், கண்டங்கருவளை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிரானது இந்த மருந்து. ஆனால் இந்தியப் பாம்பின் விசமும் அதே இனத்து இலங்கைப் பாம்பின் விசமும் முற்றிலும் ஒன்றல்ல. தென்னிலங்கையில் அதிகம் கடிக்கும், சிங்கள மக்கள் குணகட்டுவா என்று சொல்லும் விரியனுக்கு இந்த மருந்து பொருந்தாது. இலங்கைப் பாம்புகளுக்கென்றே மருந்து தயாரிக்கும் முயற்சியில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொஸ்ரரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. மணற்பாங்கான எங்கள் மண்ணில் சுருட்டை விரியன் அதிகம். ஆபிரிக்காவிலும் இந்தியாவின் சில பகுதிகளிலும் அதன் இனத்துப் பாம்புகள் பலரைக் கொல்கின்றன. யாழ். போதனா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட நோயாளரை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, இங்கே அந்தப் பாம்பின் கடி பெரும்பாலும் மிதமான பாதிப்பையே தருகிறது என்று காட்டியது. இந்தியப் பாடநூலை அப்படியே பிரதி பண்ணினால் இது தெரியாமலே போயிருக்கும். போர்க்காலத்தில் மருந்தே தட்டுப்பாடாக இருந்த வடக்கில், இப்படியான ஆய்வுகள் நடக்க வாய்ப்பே இருக்கவில்லை. எங்கள் நோயாளர் ஆய்வுகளில் எண்ணப்படாவிட்டால், எங்களுக்கான சிகிச்சை வேறு யாரோவின் உடலை வைத்துத் தீர்மானிக்கப்படும்.

அதே கட்டு, வேறு முடிவு

ஆதாரம் என்பது “இது நல்லது, அது கூடாது” என்ற பட்டியல் அல்ல. எந்த நிலையில், யாருக்கு என்று கேட்பது. இதற்கு இறுக்கிக் கட்டும் அந்தக் கட்டே நல்ல உதாரணம்.

பாம்புக்கடியில் இறுக்கமான கட்டு கூடாது. இரத்த ஓட்டம் நின்று தசை அழுகலாம். விசம் ஓரிடத்தில் தேங்கி அந்த இடத்தைச் சிதைக்கலாம். கட்டைத் திடீரென அவிழ்க்கும்போது தேங்கிய விசம் ஒரேயடியாக உடலுக்குள் பாயலாம்.

ஆனால் மிதிவெடியிலோ எறிகணையிலோ வீதி விபத்திலோ கை, கால் சிதைந்து இரத்தம் பீறிட்டால், அதே கட்டு உயிர் காக்கும். ஈராக் போரில் பக்தாத் வைத்தியசாலையொன்றுக்குக் கொண்டுவரப்பட்ட, கட்டுப் போடப்பட்ட 232 பேர் பற்றிய ஆய்வு 2009இல் வெளியானது. இரத்த இழப்பால் அதிர்ச்சி நிலைக்குப் போக முன் கட்டப்பட்டவர்களில் 90 வீதமானோர் தப்பினார்கள். போன பின் கட்டப்பட்டவர்களில் தப்பியது 10 வீதம். முதலில் காயத்தின் மேல் நேரடியாக அழுத்த வேண்டும். அதில் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வெடிபொருட்கள் இன்னும் முற்றாக அகற்றப்படாத வடக்கில் இது பழங்கதை அல்ல.

தலைக்காயமும் அப்படித்தான். மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பி உலகெங்கும் பல பத்தாண்டுகளாக ஸ்ரீரொயிட் கொடுத்தார்கள். 10,008 நோயாளரோடு நடந்த பரிசோதனை 2004இல் முடிவைச் சொன்னது. ஸ்ரீரொயிட் பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தது 21.1 வீதம். பெறாதவர்களில் 17.9 வீதம். மருந்தே கூடுதலானோரைக் கொன்றது. மறுபக்கம், இரத்தப்போக்குக்கு எதிரான டிரனெக்சாமிக் அசிட் என்ற மலிவான மருந்தை 40 நாடுகளில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விபத்து நோயாளருக்குப் பரிசோதித்தபோது, இறப்பு 16 வீதத்திலிருந்து 14.5 வீதமாகக் குறைந்தது. காயப்பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பயன். இந்த வித்தியாசங்களை எந்த வைத்தியரும் தன் வாழ்நாள் அனுபவத்தில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் எண்ணினால்தான் தெரியும்.

மனக் காயத்துக்கும் இதே கேள்வி

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு, கிழக்குக் கரையோரங்களுக்கு உதவியாளர்கள் பலர் வந்தார்கள். நடந்ததை உடனே விபரமாகப் பேச வைத்தால் மனம் ஆறிவிடும் என்ற எண்ணம் அப்போது உலகெங்கும் பரவலாக இருந்தது. பேரனர்த்தங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆய்வு முடிவுகளை உடனே கிடைக்கச் செய்யும் முயற்சியொன்றை, வேலூரிலிருந்த பேராசிரியர் பிரதாப் தரியனும் அவரது கொக்ரேன் சகாக்களும் அந்தச் சுனாமியின் பின்னர் தொடங்கினார்கள்.

அப்போதே கையிலிருந்த கொக்ரேன் மீளாய்வொன்று தெளிவாக இருந்தது. அதிர்ச்சிக்குள்ளானவரை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது பிற்கால மனப்பாதிப்பைத் தடுக்கவில்லை. சிலருக்குத் தீங்காகவும் இருந்திருக்கலாம். கட்டாயப்படுத்திப் பேச வைக்கக்கூடாது என்பதே அதன் பரிந்துரை.

பேச விரும்புபவர் பேசட்டும், கேட்கக் காது இருக்க வேண்டும். விரும்பாதவரைக் கிளறக்கூடாது. போருக்குப் பிறகு ஒவ்வொரு விபரச் சேகரிப்பிலும் திரும்பத் திரும்ப அதே கதையைச் சொல்ல வைக்கப்பட்ட தாய்மார் இதை ஏற்கெனவே அறிவார்கள். உங்களிடம் வரும் எந்த அமைப்பிடமும், இது எனக்கு உதவும் என்று எப்படித் தெரியும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பாம்பு கடித்தால்

இதுவரை சொன்னவற்றிலிருந்து வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை:

1. பாம்பிடமிருந்து விலகுங்கள். அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள். தூரத்திலிருந்து பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் தொலைபேசியில் ஒரு படம் போதும். புடையன், விரியன் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். படம் மாறாது.

2. மோதிரம், காப்பு, கொலுசு, இறுக்கமான உடுப்பு ஆகியவற்றை வீக்கம் வர முன் கழற்றுங்கள்.

3. கடிபட்ட கையை அல்லது காலை அசையாமல் வையுங்கள். ஒரு தடியோடு தளர்வாகச் சேர்த்துக் கட்டலாம். நடக்க விடாதீர்கள்.

4. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கல், ஐஸ், சாறு எதுவும் வேண்டாம். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால், வைத்தியசாலையில் வைத்தியர் முன்னிலையில் மட்டும் அவிழ்க்க வேண்டும்.

5. நோவுக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. மதுபானமும் கூடாது. வாந்தி வந்தால் இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள்.

6. 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த இலவச அம்பியூலன்ஸ் சேவை 2018 ஜூலை முதல் வடக்கிலும் இயங்குகிறது. அது வரத் தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நோயாளரை மோட்டார் சைக்கிளில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தால் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

7. கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் இல்லை என்பதற்காக வீட்டில் இருக்காதீர்கள். கண்டங்கருவளை கடித்த தழும்பே தெரியாமல் இருக்கலாம். நிலத்தில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்று நோவோடு எழுந்தாலோ, கண் இமை தானாக விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

8. நிலத்தில் படுப்பவர்கள் நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் செருகிப் படுங்கள். வலைக்குள் உறங்குவது பாம்புக்கடியைக் குறைக்கிறது என்று நேபாளத்தில் நடந்த ஆய்வு காட்டியது. 1995 இடப்பெயர்வில் மர நிழல்களிலும் பள்ளிக்கூடத் தரைகளிலும் உறங்கிய எங்களுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. உலகில் வருடத்துக்கு 81 ஆயிரம் முதல் 1 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்யும் ஏழைகள்.

பண்டத்தரிப்பிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு மானிப்பாய் வீதியால் போக ஏறத்தாழ 15 கிலோமீற்றர். இன்று அந்த வீதியில் சோதனைச் சாவடியில் இறங்கி நடக்கத் தேவையில்லை. அம்பியூலன்ஸ் உண்டு, மருந்து உண்டு, அந்த மருந்தை எப்படிக் கொடுத்தால் நல்லது என்று எண்ணி எழுதிய ஆதாரமும் உண்டு. பரியாரியார் வீட்டு வாசலில் நிற்கும் நேரத்தில் வாகனத்தைத் திருப்பி அந்த வீதியில் விட வேண்டியதுதான் மிச்சம்.